உறைநிலம் இளகும்போது கரியின் வரவு செலவு

பயிர்த்தொழில் செய்வோர் யாவரும் மண்ணிலுள்ள மக்கின் அருமையை அறிவர். தழையுரமும் தொழுவுரமும் இட்டுக் கறுத்திருந்த மேல்மண், எரு இடுவதை நிறுத்திய சில வருஷங்களுக்குள் நிறம் மங்கி இறுகிப்போவதை அவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். அவ்வெரு எங்கே போயிற்று என்று கேட்டால், பயிர் தின்றுவிட்டது என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. அது பாதி உண்மையே. பயிர் எடுத்துக்கொண்டது எருவிலிருந்த உப்புச் சத்துக்களை. எருவின் உடலாயிருந்த கரியின் பெரும்பாகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு, கரியமில வாயுவாக ஆகாயத்தில் விட்டுவிட்டன. நம்முடைய உஷ்ணப் பிரதேசத்தில் இவ்வேலை மிக விரைவாக நடக்கிறது. குளிர்ந்த தேசங்களில் மந்தமாக நடக்கிறது. வருஷம் முழுவதும் உறைந்து கிடக்கும் மண்ணிலோ ஏறக்குறைய நின்றே போகிறது.

அவ்வாறு வேலை நின்றுபோன எருக்குழி ஒன்று பூமியின் வடகோடியில் கிடக்கிறது. அக்குழி இப்பொழுது இளகத் தொடங்கியிருப்பதையும், அதிலிருந்து ஆகாயத்துக்குச் செல்லும் கரியையும் ஆகாயத்திலிருந்து அதற்குள் இறங்கும் கரியையும் எவ்வாறு அளந்து கணக்கெழுதுகிறார்கள் என்பதையும் இங்கே கூறுவோம். எங்கேயோ உள்ள பனித் தரையைப்பற்றி நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாகாது. நிலத்துக்கு எல்லைக்கல் நடலாம். காற்றுக்கு நட இயலாது. அங்கே வெளிவரும் வாயு ஒரு வருஷத்துக்குள் நம் வயல்மீதுள்ள காற்றிலும் கலந்துவிடுகிறது.

உறைநிலத்தின் இயல்பு

தொடர்ந்து 2 வருஷங்களுக்குக் குறையாமல் பூஜ்ய டிகிரி ஸென்டிகிரேடிலோ அதற்குக் கீழோ இருந்துவரும் மண்ணை ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட் என்பர். நாம் உறைநிலம் என்போம். அலாஸ்கா, கனடாவின் வடபாகம், ஸைபீரியா ஆகிய பிரதேசங்களில் இது பரந்து கிடக்கிறது. சில இடங்களில் சில கஜ ஆழமே உள்ளது. ஸைபீரியாவின் சில பாகங்களில் ஆயிரம் மீட்டருக்கும் அதிகம். கோடையில் மேற்புறத்திலுள்ள சிறிது மண் மாத்திரம் இளகி, குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. இந்த இளகும் மேல்மண்ணில்தான் செடிகளின் வேர்கள் இருக்கின்றன. மரங்கள் வளர இயலாத அவ்வெளிக்குத் துந்திரா என்று பெயர். பாசி, பஞ்சுப்புல் என்னும் ஒருவகைக் கோரை, முழங்காலளவு உயரமுள்ள குற்றுச்செடிகள் ஆகியவையே அங்குள்ள தாவரங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் இச்செடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இலையும் வேருமாக ஆக்குகின்றன. அவை மடிந்த பின் நன்கு மக்குவதற்குள் குளிர் வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் எஞ்சிய அம்மிச்சம் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அடுக்கடுக்காய்ச் சேர்ந்து, கீழ் அடுக்குகள் உறைநிலத்துக்குள் சிக்கிக்கொண்டன. இவ்வாறு வடதுருவ உறைநிலப் பிரதேசத்து மண்ணில் சேர்ந்துள்ள கரி ஏறக்குறைய 1,50,000 கோடி டன் என மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்று உலகத்தின் காற்று முழுவதிலும் கரியமில வாயுவாக உள்ள கரி சுமார் 90,000 கோடி டன்தான்.

1958-ல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் காற்றை ஒழுங்காக அளக்கத் தொடங்கியபோது பத்து லக்ஷம் பாகம் காற்றில் கரியமில வாயு சுமார் 315 பாகம் இருந்தது. 2024-ல் அதன் சராசரி 424-ஐத் தாண்டிற்று. இது பெரும்பாலும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வந்த வினை. இதனால் உலகம் முழுவதும் உஷ்ணம் ஏறிவருகிறது. வடதுருவப் பிரதேசமோ 1979 முதல் உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறிவந்திருக்கிறது. உறைநிலம் இளகுவதற்குக் காரணம் இதுவே.

இருப்பு சிறிது, வரவும் செலவும் பெரிது

இளகினால் உடனே எல்லாக் கரியும் வாயுவாகிவிடும் என்று எண்ணுவது அவசரம். மண் இளகும்போது நுண்ணுயிர்கள் விழித்துப் பழைய மக்கை உண்ணத் தொடங்குகின்றன என்பது மெய்யே. ஆனால் அம்மக்கிலிருந்து தழைச்சத்தும் விடுபடுகிறது. கோடை நீளுகிறது, வேர்கள் ஆழமாகச் செல்ல இடமும் கிடைக்கிறது. ஆகவே செடிகள் முன்னிலும் செழித்து அதிகக் கரியை உள்ளே இழுக்கின்றன. செலவு கூடும்போதே வரவும் கூடுவதால், முடிவில் இருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அளந்தாலன்றிச் சொல்ல முடியாது.

அளப்பதிலுள்ள சங்கடத்தைக் கிராமக் கணக்குப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வார்கள். ஆயிரம் ரூபாய் வரவும் ஆயிரத்துப் பத்து ரூபாய் செலவும் உள்ள கணக்கில் குறை பத்து ரூபாய். வரவைக் குறிப்பதில் நூற்றுக்கு இரண்டு தவறினால், அந்தப் பத்து ரூபாய்க் குறை மறைந்து பத்து ரூபாய் மிச்சமாகத் தோன்றிவிடும். துந்திராவின் கணக்கு இத்தன்மையது. அதனால்தான் இத்துறையில் ஒரே நிலத்தைப்பற்றி ஒரு காலத்தில் ஒன்றும் பிறிதொரு காலத்தில் வேறொன்றும் சொல்ல நேர்ந்தது. அலாஸ்காவின் வடசரிவு கரியைச் சேர்ப்பதிலிருந்து இழப்பதற்கு மாறிவிட்டதென்று 1993-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 2000-ல் அதே கூட்டத்தாரே, அங்குள்ள செடிகள் ஓரளவு பழகிக்கொண்டு கோடைகாலங்களில் மீண்டும் கரியை ஏற்கத் தொடங்கினவென்று எழுதினார்கள். இதை முரண்பாடென்று இகழ்வது சரியன்று. நிலமே மாறிக்கொண்டிருந்தது, அதை அளந்தவர்கள் நேர்மையாகத் திரும்ப அளந்தார்கள்.

பெட்டி கவிழ்த்து அளத்தல்

அளக்கும் முறைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, பெட்டி முறை. நம் கிராமங்களில் விளைச்சலை மதிப்பிட ஒரு சிறு சதுரத்தை மாத்திரம் அளந்து அறுத்து, தூற்றி நிறுத்து, அதிலிருந்து ஏகரா விளைச்சலைக் கணக்கிடுவது போன்றதே இது. தரையில் பதித்த ஒரு சட்டத்தின்மீது, இரண்டடிச் சதுரமுள்ள கண்ணாடி போன்ற பெட்டியைக் காற்றுப் புகாவண்ணம் கவிழ்க்கிறார்கள். உள்ளிருக்கும் காற்றில் கரியமில வாயு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சில நிமிஷங்கள் கருவியால் பார்க்கிறார்கள். வெயிலில் அளந்தால் செடி உள்ளிழுப்பதும் மண் வெளிவிடுவதும் சேர்ந்த நிகரம் தெரியும். பெட்டியின்மேல் கறுப்புத் துணி போர்த்தி இருட்டாக்கினால், செடி உணவு ஆக்குவது நின்று, வெளிவிடும் மூச்சு மாத்திரம் தெரியும். முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டால் வரவும் செலவும் தனித்தனியே விளங்கிவிடும்.

இம்முறையின் நன்மை, எந்தச் செடி, எந்த மேடு, எந்தப் பள்ளம் என்று குறிப்பாகச் சொல்ல முடிவது. குறை என்னவென்றால், பெட்டி தன் கீழுள்ள இடத்தையே அறியும். காற்றின் ஓட்டத்தையும் தடுத்துவிடுகிறது. ஆள் போகாத நாட்களில், விசேஷமாகப் பனிக்காலத்தில், தானே திறந்து மூடும் யந்திரப் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்வது அரிது.

காற்றின் சாலை எண்ணுதல்

இரண்டாவது முறை கோபுர முறை. இதன் தத்துவத்தை 1951-ல் ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பாங்க் என்பவர் புல்வெளிக்கு மேலெழும் வெப்பத்தையும் நீராவியையும் அளப்பதற்காக எடுத்துரைத்தார். கருவிகள் திருந்திய பின் கரியமில வாயுவுக்கும் பயன்பட்டது. இன்று உலகெங்கும் காடுகளிலும் வயல்களிலும் நெற்கழனிகளிலும் வழங்கிவருவது இம்முறையே.

தரைமேல் வீசும் காற்று நேராக ஓடுவதில்லை. சுழன்று சுழன்று, சிறு சிறு திரளாக மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கிறது. இத்திரள்களை நம் முன்னோர் கவலையில் இறைத்த சால்களைப் போல் எண்ணிக்கொள்ளலாம். கீழே இறங்கிய சாலில் இருந்த கரியமில வாயுவைவிட மேலே ஏறிய சாலில் குறைவாக இருந்தால், அவ்வித்தியாசத்தைத் தரையிலுள்ள செடிகள் வாங்கிக்கொண்டன என்று பொருள். ஏறிய சாலில் அதிகமிருந்தால், மண் கொடுத்தது என்று பொருள். ஒவ்வொரு சாலும் ஏறுவதையும் இறங்குவதையும், அதில் என்ன இருக்கிறது என்பதையும் தவறாமல் குறித்துவந்தால் கணக்கு முடிந்தது.

இதற்காக நிறுத்திய சிறு கோபுரத்தின் உச்சியில் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, ஒலியைக்கொண்டு காற்றின் வேகத்தை அறிவது. எதிரெதிராக வைத்த இரு முனைகளுக்கிடையே ஒலி செல்ல எடுக்கும் நேரம், காற்று துணையாய் வீசும்போது குறைந்தும் எதிர்க்கும்போது கூடியும் இருப்பதால், காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்பது தெரிந்துவிடும். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காற்றினூடே செலுத்தி, கரியமில வாயு அதில் எவ்வளவை விழுங்குகிறது என்று பார்ப்பது. இவை ஒரு விநாடிக்கு 10 முறை குறிப்பெடுக்கின்றன. அரைமணிக்கு 18,000 குறிப்புகள். ஒரு வருஷத்துக்கு 31 கோடிக்கு மேல். ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு தொகை போட்டு எழுதுகிறார்கள். கோபுரத்தைச் சுற்றிப் பல நூறு அடி தூரத்துக்குள் உள்ள நிலம் முழுவதின் மூச்சும் அதில் அடங்கிவிடுகிறது.

இக்கோபுரத்துக்கும் கண் மயங்கும் வேளைகள் உண்டு. காற்று அசையாத இரவுகளில் மண்ணிலிருந்து வரும் வாயு தரையோடு தேங்கிக் கருவிக்கு எட்டாமலே போய்விடும். அப்போது செலவு குறைவாகப் பதியும். ஆகையால் அத்தகைய அரைமணிகளை அடித்துவிட்டு, மண்ணின் உஷ்ணத்தையும் வெயிலையும் கொண்டு அவ்விடத்தில் இருந்திருக்க வேண்டிய அளவைக் கணித்து நிரப்புகிறார்கள். பனி உறைந்து கருவியை மூடிய நாட்களுக்கும் இதே கதிதான். வருஷக் கணக்கில் கணிசமான பாகம் இவ்வாறு நிரப்பியதே என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

இன்னொரு தவறு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. குளிர்ப் பிரதேசங்களில் திறந்த வகை வாயுக்கருவி வைத்திருந்த இடங்களில், பனி மூடி ஒரு பச்சிலையும் இல்லாத காலத்தில்கூட நிலம் கரியமில வாயுவை உறிஞ்சுவதாகக் கணக்கு வந்தது. இலையில்லாமல் உறிஞ்சுவது எப்படி என்று ஆராய்ந்ததில், குற்றம் கருவியின் உடற்சூட்டில் இருந்தது. உள்ளிருக்கும் மின்சார உறுப்புகளின் சூடு, ஒளி செல்லும் பாதையிலுள்ள காற்றைச் சிறிது விரியச் செய்தது. விரிந்த காற்றில் வாயு குறைவாகத் தோன்றிற்று. அளவு மிகச் சிறிது. ஆயினும் நீண்ட பனிக்காலம் முழுவதும் ஒரே பக்கமாகச் சேர்ந்தபோது, இழக்கும் நிலத்தைச் சேர்க்கும் நிலமாகக் காட்ட அதுவே போதும். 2008-ல் இதற்குத் திருத்தம் வகுத்தார்கள். பின்னர் காற்றைக் குழாயினுள் இழுத்து அளக்கும் வகைக் கருவிகள் அதிகமாக வழக்கத்துக்கு வந்தன.

எயிட் மைல் ஏரியில் கண்டது

அலாஸ்காவின் நடுப்பாகத்தில், டெனாலி தேசியப் பூங்காவுக்கு அருகே ஹீலி என்னும் ஊரின் பக்கத்தில் எயிட் மைல் ஏரி என்றொரு சிற்றேரி உண்டு. அதன் கரையிலுள்ள சரிவான துந்திராவில் ஆஸ்டர்காம்ப் என்னும் அறிஞர் ஆழ்துளையிட்டு 1985 முதல் உறைநிலத்தின் உஷ்ணத்தைக் குறித்துவந்தார். நிலம் சூடேறி இளகத் தொடங்கியது அக்குறிப்புகளால் தெரிந்திருந்தமையால், எட்வர்ட் ஷூர் என்பவரும் அவர் கூட்டத்தாரும் கரியை அளக்க இவ்விடத்தையே தேர்ந்தெடுத்தனர். ஷூர் அப்போது ஃபிளாரிடா சர்வகலாசாலையில் இருந்தார். பின்னர் வடக்கு அரிஸோனா சர்வகலாசாலைக்குச் சென்றார்.

அங்கே மூன்று வகை நிலம் அருகருகே இருந்தது. ஒன்று பெரும்பாலும் இளகாதது. ஒன்று 15 வருஷ காலத்துக்குள் இளகியது. மூன்றாவது பல பத்து வருஷங்களுக்கு முன்பே இளகி, அடியிலிருந்த பனிக்கட்டி உருகியதால் மேடும் பள்ளமுமாகத் தரை அமர்ந்துபோனது. மூன்றிலும் பெட்டி முறையால் வரவு செலவு பார்த்ததோடு, வெளிவந்த வாயுவிலுள்ள கரியின் வயதையும் ஆராய்ந்தனர். உயிருள்ள செடியில் கதிர்வீசும் கரி ஒரு சிறு பங்கு உண்டு. அச்செடி மடிந்தபின் அது 5,730 வருஷத்துக்குப் பாதியாகக் குறைகிறது. ஆகவே பழைய மக்கிலிருந்து வரும் வாயுவில் அப்பங்கு குறைந்திருக்கும். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளால் காற்றில் இவ்வகைக் கரி மிகுந்துவிட்டதால், அதற்குப் பின் விளைந்த செடியின் கரி தனி அடையாளத்தோடு நிற்கிறது. குண்டுகளால் ஏற்பட்ட இந்த ஒரு பிரயோஜனத்தை விஞ்ஞானிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

2009-ல் வெளியான முடிவு இது. 15 வருஷத்துக்குள் இளகிய நிலம், இளகாததைவிட நூற்றுக்கு 40 பங்கு அதிகமாகப் பழைய கரியை இழந்தது. ஆயினும் செடிகள் செழித்து வளர்ந்து அவ்விழப்பை ஈடுசெய்து, மொத்தத்தில் நிலம் கரியைச் சேர்த்தது. நெடுநாளுக்கு முன் இளகிய நிலமோ பழைய கரியை 78 பங்கு அதிகமாக இழந்தது. அங்கும் செடிகள் செழித்துத்தான் இருந்தன. ஆனால் ஈடுகொடுக்க இயலவில்லை. அதாவது, இளகலின் தொடக்கத்தில் பச்சைப் பசேலென்று காட்சியளிக்கும் நிலத்தைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. முதலைத் தின்னும் குடும்பத்திலும் சில வருஷங்கள் பந்தி நன்றாகவே நடக்கும்.

இயற்கையாக இளகுவதற்குக் காத்திராமல், 2008-ல் அதே இடத்தில் ஒரு பரீட்சையும் தொடங்கினர். பனிக்காலத்தில் காற்றுக்குக் குறுக்கே வேலி நட்டால் அதன் பின்புறம் பனி குவிகிறது. குவிந்த பனி கம்பளி போலிருந்து, கீழுள்ள மண்ணை ஆகாயத்தின் கடுங்குளிர் தாக்காமல் காக்கிறது. ஆகவே பனியைக் கொண்டே மண்ணைச் சூடாக்கிவிட்டார்கள்! வசந்தத்தில் உருகுமுன் அதிகப்படியான பனியை வாரி அப்புறப்படுத்தினார்கள். இல்லையேல் கூடுதல் ஜலத்தால் விளைந்ததா, கூடுதல் சூட்டால் விளைந்ததா என்று பிரித்தறிய முடியாது போகும். மண்வாரி பிடித்துப் பனி வாரிய அவ்வேலையே இப்பரீட்சையின் நேர்த்தி என்பது எம் அபிப்பிராயம்.

அப்பரீட்சையில் ஒரு பாடம் எதிர்பாராமல் கிடைத்தது. இளகிய ஆழத்தை அறிய ஓர் இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து கீழே குத்தி, கட்டியில் தட்டும் அளவைப் பார்ப்பது வழக்கம். ஆனால் அடிப்பனி உருகத் தரையே கீழே அமர்ந்துகொண்டிருந்தது. விளிம்பு தாழ்ந்துகொண்டே வரும் கிணற்றில் விளிம்பிலிருந்து கயிறு விட்டால் ஆழம் எப்படித் தெரியும்? விண்கோள்களின் துணையால் தரைமட்டத்தைத் துல்லியமாக அளந்து திருத்தியபோது, புதிதாக இளகி நுண்ணுயிர்களுக்கு எட்டிய கரி முன் கணித்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2020-ல் கண்டார்கள். அவ்விடத்துத் துந்திரா 15 வருஷ அளவைகளிலும் விடாது கரியை ஆகாயத்துக்கு இழந்துவந்தது என 2021-ல் எழுதினார்கள்.

பனிக்காலத்துச் செலவும் சதுப்பு வாயுவும்

கோடையில் மாத்திரம் அளந்தவர்களுக்குத் துந்திரா பெரும்பாலும் வரவு நிலமாகவே தோன்றியது. அறுவடை மாதத்துக் கணக்கை மாத்திரம் பார்த்தால் எந்தக் குடியானவனும் செல்வந்தனே. பனிக்காலத்தில் மேற்புறம் உறைந்த பின்னும், நீர் உறையும்போது வெளிவரும் மறைவெப்பத்தால் நடுமண் பல வாரங்கள் பூஜ்ய டிகிரியிலேயே நிற்கிறது. மேலும் கீழும் உறைந்து, நடுவில் உறையாத அவ்வடுக்கில் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட இடங்களின் அளவைகளைத் திரட்டி 2019-ல் கணித்ததில், வட உறைநிலப் பிரதேசம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வருஷந்தோறும் சுமார் 166 கோடி டன் கரியை வெளியிடுகிறது என்றும், கோடையில் செடிகள் ஏற்பது சுமார் 103 கோடி டன் என்றும் கண்டனர்.

நீர் தேங்கிய பள்ளங்களில் பிராணவாயு புகாமையால் மக்கு வேறு வழியில் சிதைந்து, மீதேன் என்னும் சதுப்பு வாயுவாகிறது. நம் நெல்வயல் சேற்றில் கால் வைத்தால் குமிழியிடுவதும் இதுவே. இதன் அளவு குறைவாயினும், எடைக்கு எடை நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அலாஸ்காவில் ஐந்து கோபுரங்களால் அளந்ததில், வருஷ மீதேனில் பாதிக்குக் குறையாத பாகம் செப்டம்பர் முதல் மே வரையுள்ள குளிர் மாதங்களிலேயே வெளிவருகிறது என்று 2016-ல் தெரிந்தது.

காட்டுத் தீயையும் சேர்த்துப் பார்த்தால், வடதுருவத் துந்திரா இப்போது கரியமில வாயுவைச் சேர்ப்பதை விட்டு வெளியிடும் நிலத்துக்கு மாறிவிட்டது என்று அமெரிக்க அரசாங்கத்தின் கடல் வானிலை இலாகா 2024-ஆம் வருஷத்து அறிக்கையில் கூறியது. எனினும் இக்கணக்கில் ஓட்டை ஒன்று உண்டு. ருஷ்ய நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைநிலம். அங்குக் கோபுரங்கள் முன்னமே சில; 2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டபின், மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அங்குச் செல்வதும் குறிப்புகள் வந்துசேர்வதும் பெரும்பாலும் தடைப்பட்டன. பாதிக் கிராமத்துக்கு அடங்கல் எழுதாமல் ஜமாபந்தி முடிப்பதை இது ஒக்கும். விண்கோள்களால் இக்குறையை நிரப்பலாமே எனின், கரியமில வாயுவைப் பார்க்கும் விண்கோள்களில் பெரும்பாலானவை பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைக் கொண்டே வேலை செய்பவை. துருவத்தில் சூரியன் உதிக்காத நீண்ட இரவில் அவற்றுக்குப் பார்வை இல்லை. பனிக்காலத்துச் செலவை எழுதத் தரையில் நிற்கும் கோபுரமும், அதன்மேல் படியும் பனியைத் துடைக்க ஓர் ஆளுமே வேண்டியிருக்கிறது.